பல் இல்லாத ஒன்றரை மணி நேரம்

பல் டாக்டரைப் பார்க்கப் போவதற்கு யாராவது புதுச் சட்டை தைத்துக்கொள்வார்களா? என் அம்மா சிக்னே தைத்துக்கொண்டாள். நீலத் துணி, அதில் வெள்ளைப் புள்ளிகள், கழுத்தருகே ஒரு நாடா முடிச்சு. மே மாதத்து இரண்டாம் வியாழக்கிழமை, காலை ஆறு மணிக்கு மீனவ ஊரான ஸ்மோகனில் அவள் வீட்டு வாசலில் நான் காரை நிறுத்தியபோது படியில் தயாராக நின்றுகொண்டிருந்தாள். எத்தனை நேரமாக நிற்கிறாள் என்று கேட்கவில்லை. காலடியில் காப்பி பிளாஸ்க் காலியாகக் கிடந்தது.

"யாருக்கும்மா இந்தச் சட்டை? டாக்டருக்கா, நர்ஸுக்கா?"

"துணி சும்மா கிடந்துச்சு. வண்டிய எடு, அன்னேலி."

துணி சும்மா கிடக்கவில்லை. போன மாதம் அதற்கென்றே உத்தேவல்லாவுக்கு வந்து, நான் வேலை பார்க்கும் தபால் நிலையத்துக்கு எதிர்க் கடையில் ஒரு மணி நேரம் நின்று வாங்கினாள். நான் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

சட்டை பதினோராம் எண்ணுக்காக.

பதினைந்து வருடம் முன்னால், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எழுபத்தொன்றில், கோத்தன்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில் அம்மாவின் கீழ்த்தாடையில் ஆறு டைட்டானியம் திருகாணிகளைப் பதித்தார்கள். எலும்பு அவற்றைச் சேர்த்துக்கொள்ள நான்கு மாதம், பழைய பல்செட்டை ஒப்புக்கு மாட்டிக்கொண்டு, சூப்பும் கஞ்சியுமாக ஓட்டினாள். பிறகு அவற்றின் மேல் ஒரு பல்வரிசையைத் திருகி நிறுத்தினார்கள். அந்தக் காலத்தில் இதை நம்பிய டாக்டர்கள் குறைவு. எங்கள் பக்கத்துப் பல் டாக்டர் ஒருவர், இரண்டே வருடத்தில் எல்லாம் உதிர்ந்து அம்மா அவற்றைப் பெட்டியில் போட்டுக்கொண்டு வந்து அழுவாள் என்று சொன்னார். அம்மா அழவில்லை. அவர் வீட்டு வேலியோரம் நின்று பச்சைக் கேரட்டைக் கடித்துத் தின்றாள். அவர் தோட்டத்துக்கு வரும் வரை நின்று தின்றாள்.

திருகாணி வைத்துக்கொண்டவர்களுக்கெல்லாம் ஆராய்ச்சியில் ஓர் எண் உண்டு. அம்மா பன்னிரண்டு. அவளுக்கு முந்தின நாள் அறுவை செய்துகொண்டவர் ஆல்கோத் என்ற டிராம் ஓட்டுநர், அவர் பதினொன்று. இருவரும் வீங்கிய முகத்தோடு ஒரே வராந்தாவில் நடை பழகியவர்கள். அன்றிலிருந்து வருடத்துக்கு ஒரு தடவை, ஒரே வியாழக்கிழமை, அடுத்தடுத்த நேரத்தில் இருவருக்கும் செக்கப். அது முடிந்ததும் கீழ்த்தளத்து காப்பிக் கடையில் ஒரு காப்பி, ஒரு இலவங்கப்பட்டை பன். அதோடு அடுத்த மே மாதம்தான்.

ஒரு கடிதம் இல்லை, ஒரு போன் இல்லை. முகவரிகூடக் கேட்டுக்கொள்ளவில்லை. எங்கள் ஆட்கள் அப்படித்தான். கூப்பிடாத வீட்டு வாசலில் போய் நிற்க மாட்டார்கள். கூப்பிடுவதற்கு ஒரு காரணம் வரட்டும் என்று இருபது வருடம் வேண்டுமானாலும் காத்திருப்பார்கள். நர்ஸ் கூப்பிடுவதைக் கேட்டுப் பெயர் தெரிந்திருந்தும், பெயர் சொல்லி இருவரும் கூப்பிட்டுக்கொண்டதில்லை. அவர் அம்மாவை "பன்னெண்டு" என்பார், அம்மா அவரை "பதினொண்ணு" என்பாள். அப்பா உயிரோடு இருந்த காலத்தில், "இந்தா, உன் பதினொண்ணுக்குக் கொண்டு போ" என்று புகை போட்ட மீனைச் சுற்றிக் கொடுத்து அனுப்புவார். அப்பா போய் எட்டு வருடமாகிவிட்டது. ஆல்கோத் கல்யாணமே செய்துகொள்ளாதவர்.

காப்பிக் கடையில் அவர்களுக்குள் ஒரு பந்தயம் நடக்கும். ஒவ்வொரு வருடமும் பதினொன்று கடினமான தின்பண்டம் ஒன்றைக் கொண்டுவருவார். இருவரும் ஒரே நேரத்தில் கடிக்க வேண்டும். ஒரு வருடம் பச்சை டர்னிப், ஒரு வருடம் கல் மாதிரி காய்ந்த ரை ரொட்டி, ஒரு வருடம் நண்டுக் கொடுக்கு. அந்த நண்டுக் கொடுக்கில் அம்மா ஜெயித்தாள். ஓட்டுத்துண்டு ஒன்று பறந்து போய்ப் பக்கத்து மேஜைக்காரரின் காப்பியில் விழுந்தது. டாக்டருக்கு இதெல்லாம் தெரியாது. நர்ஸ் குல்-பிரிட்டுக்குத் தெரியும். அவள் பார்க்காத மாதிரி இருந்துவிடுவாள்.

இந்த வருடம் வந்த கடிதத்தில் கடைசி வரி வேறு மாதிரி இருந்தது. இது பதினைந்தாம் ஆண்டுப் பரிசோதனை, இதோடு ஆராய்ச்சி முடிகிறது, இனி அவரவர் ஊர்ப் பல் மருத்துவரிடம் காட்டிக்கொள்ளலாம், இத்தனை ஆண்டு ஒத்துழைப்புக்கு நன்றி என்று எழுதியிருந்தார்கள். அம்மா அதை மூன்று நாள் குளிர்பெட்டிக் கதவில் ஒட்டி வைத்திருந்தாள். நான்காம் நாள் துணி வாங்க வந்துவிட்டாள்.

கார் ஓடும்போது பாதி வழியில் தானாகவே சொன்னாள். நடுக்கோடைப் பண்டிகைக்கு அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போகிறாளாம். நான் ஸ்டீயரிங்கைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். எங்கள் வீடுகளில் நடுக்கோடை மேஜையில் ஓர் ஆளுக்குக் கூடுதலாகத் தட்டு வைப்பது சின்ன விஷயமில்லை. அந்த ஆள் யார் என்று தெரு முழுக்கக் கேட்கும்.

"எப்படிக் கூப்பிடுவே? சொல்லிக் காட்டு."

அவள் தொண்டையைச் செருமினாள். "நடுக்கோடைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன சொல்லணும்? உருளைக்கிழங்கு எத்தனை கிலோன்னா?"

கோத்தன்பர்க் போய்ச் சேரும்வரை அந்த ஒரு வாக்கியத்தைப் பதினேழு விதமாகச் சொல்லிப் பார்த்தாள். ஒரு விதம் அதட்டலாக இருந்தது. ஒரு விதம் இரங்கல் செய்தி மாதிரி இருந்தது. சிரித்துச் சிரித்து நான் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டேன்.

மருத்துவமனை வாசலில் எல்லோரும் மாட்டிக்கொள்ள வேண்டிய நீல பிளாஸ்டிக் உறைகளைக் காலணிக்கு மேல் மாட்டிக்கொண்டு உள்ளே போனோம். ஆல்கோத் ஏற்கெனவே அறைக்குள் போயிருந்தார். குல்-பிரிட் வந்து விவரம் சொன்னாள். வழக்கமாகப் பல்வரிசையைக் கழற்றி, ஒவ்வொரு திருகாணியும் அசைகிறதா என்று பார்த்து, நாற்காலியை விட்டு எழுவதற்குள் திரும்ப மாட்டிவிடுவார்கள். இன்று கடைசி நாளாகையால் பல்வரிசைகள் மாடியில் இருக்கும் லேபுக்குப் போகின்றன. பதினைந்து வருடத் தேய்மானத்தை அளக்க வேண்டும், மெருகேற்ற வேண்டும். கழற்றி மாட்டுகிற மேல்வாய்ப் பல்செட்டும் கூடப் போகும். ஒன்றரை மணி நேரம் ஆகும். அதுவரை வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கலாம், பத்திரிகைகள் இருக்கின்றன என்றாள்.

அம்மாவின் முகம் வெளுத்துப்போனது.

இதை நான் சொல்லித்தான் ஆக வேண்டும். என் வயது முப்பத்து நான்கு. அன்றுவரை நான் அம்மாவைப் பல் இல்லாமல் பார்த்ததே இல்லை. அப்பாவும் பார்த்ததில்லை. நாற்பத்தொன்பதாம் வருடம் அவள் கல்யாணத்துக்கு என் தாத்தா கொடுத்த சீர், பல். எங்கள் பக்கத்தில் அந்தக் காலத்தில் அது ஒரு வழக்கம்: சில வீடுகளில் தையல் மெஷின் கொடுப்பார்கள், சில வீடுகளில் பெண்ணின் பற்களை எல்லாம், நல்லதும் சொத்தையும் சேர்த்து, பிடுங்கிவிட்டு முழுசாக ஒரு பல்செட் செய்து கொடுப்பார்கள். மாப்பிள்ளைக்குப் பிற்காலத்தில் பல் டாக்டர் செலவு இருக்காது. இருபத்திரண்டு வயதில், கல்யாணத்துக்கு மூன்று வாரம் முன்னால், அம்மா இருபத்தெட்டுப் பற்களையும் கொடுத்துவிட்டு வந்தாள். அதற்குப் பிறகு பல்செட்டோடுதான் தூங்கினாள். கதவைத் தாழ்போட்டுக்கொண்டுதான் கழுவினாள். அப்பா மீன்பிடிக்கப் போகப் பின்னிரவில் எழுந்தால் அவருக்கு முன்னால் எழுந்திருப்பாள். நாளாக ஆக கீழ்த்தாடை எலும்பு கரைந்து, கீழ்ப் பல்செட் வாயில் படகு மாதிரி மிதக்க ஆரம்பித்தது. அதனால்தான் யாரும் நம்பாத திருகாணியை அவள் நம்பினாள்.

ஒன்பது மணிக்கு உள்ளே போனவள் ஒன்பதரைக்கு வெளியே வந்தபோது, கழுத்திலிருந்த நாடாவை அவிழ்த்து, கைக்குட்டையோடு சேர்த்து மூக்குவரை கட்டியிருந்தாள். பார்த்தால் தபால் நிலையத்தைக் கொள்ளையடிக்க வந்தவள் மாதிரி இருந்தது. தபால் நிலையத்தில் வேலை பார்க்கிற நானே சொல்கிறேன்.

பெஞ்சின் ஒரு முனையில் ஆல்கோத் உட்கார்ந்திருந்தார். நல்ல உயரம், சுத்தமாக வாரிய நரை, தேய்த்த கால்சட்டை. நாளிதழை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்திருந்தார். அம்மாவைக் கண்டதும் பேப்பர் இரண்டு அங்குலம் கீழே வந்தது. கண்கள் சிரித்தன. உடனே தன் நிலைமை நினைவுக்கு வந்து பேப்பர் மேலே போனது. அம்மா மறு முனையில் உட்கார்ந்தாள். நடுவில் நான்.

முக்கால் மணி நேரம் அப்படியே போனது. வருடம் பூராவும் பேசாமல் சேர்த்து வைத்ததை ஒரே காலையில் கொட்டித் தீர்க்கிற இரண்டு பேர், வாயை மூடிக்கொண்டு எதிர்ச் சுவரில் இருந்த தீயணைப்புக் குழாயைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்குச் சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பிக் கிளம்பி வந்தது. அதை மறைக்க இருமினேன். பேப்பரும் கொஞ்சம் குலுங்கியது.

பத்தேகாலுக்கு ஆல்கோத்தைக் கூப்பிட்டார்கள். அவர் எண் முந்தியது, அவர் பற்கள் முதலில் வந்துவிட்டன. அவர் உள்ளே போனதும் அம்மா என் கையைப் பிடித்துக் கிள்ளினாள். என் காதருகே வந்து, கைக்குட்டைக்குள்ளிருந்து வழவழவென்று ஏதோ சொன்னாள். இரண்டாம் தடவை கேட்டபோது புரிந்தது. அவர் திரும்பி வந்து பக்கத்தில் உட்கார்ந்து பேச ஆரம்பித்தால் தன்னால் பதில் பேச முடியாது; அவரைக் காத்திருக்க வேண்டாம் என்று நான் சொல்லிவிட வேண்டுமாம். அதைச் சொன்னால் அவர் வழக்கம்போல் கீழே காப்பிக் கடைக்குப் போய்விடுவார் என்பது அவள் கணக்கு.

நானும் அப்படித்தான் நினைத்தேன். அவர் முழுப் பல்வரிசையோடு, கோட்டுப் பையில் இந்த வருடப் பந்தயத்துக்கான ஏதோ ஒன்றை உப்பலாக வைத்துக்கொண்டு வெளியே வந்ததும் எழுந்து நின்று, மிகவும் மரியாதையாகச் சொன்னேன். "அம்மாவுக்காக நீங்க காத்திருக்க வேண்டாம்னு அம்மா சொல்றாங்க."

வேறு நாட்டு ஆளாக இருந்தால் ஏன் என்று கேட்டிருப்பார். அட பரவாயில்லை, இருக்கிறேன் என்று சொல்லியிருப்பார். ஆல்கோத் எங்கள் நாட்டுக்காரர். வேண்டாம் என்றால் வேண்டாம்தான். அவர் முகத்தில் ஏதோ ஒன்று விளக்கணைத்த மாதிரி போனது. பிறகு தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"சரி, பன்னெண்டு. பதினஞ்சு வருஷம் நல்லாப் போச்சு. ரொம்ப நன்றி."

அம்மா தலையாட்டினாள். அவர் படியிறங்கிப் போனார். காலடிச் சத்தம் கீழ்த்தளத்துக்குப் போகாமல் வாசலோடு நின்றது. கதவு திறந்து மூடியது.

அம்மா ஜன்னலுக்கு ஓடினாள். கீழே ஆல்கோத் சாலையைக் கடந்து டிராம் நிறுத்தத்துக்குப் போய்க்கொண்டிருந்தார். தூரத்து வளைவில் நீல டிராம் ஒன்று வந்துகொண்டிருந்தது.

அந்த நேரத்தில் குல்-பிரிட் கதவைத் திறந்து, பன்னிரண்டாம் எண்ணின் பற்கள் இன்னும் பத்து நிமிடத்தில் வந்துவிடும் என்றாள். அம்மா டிராமைப் பார்த்தாள். குல்-பிரிட்டைப் பார்த்தாள். அதற்குப் பிறகு நான் பார்த்தது அவள் முதுகை.

ஐம்பத்தொன்பது வயது அம்மா படிகளை இரண்டிரண்டாகத் தாண்டி இறங்கினாள். காலில் நீல பிளாஸ்டிக் உறை சரசரத்தது. கழுத்தில் டாக்டர் கட்டிவிட்ட காகித ஏப்ரன் காற்றில் எழும்பி முகத்தில் அடித்தது. பின்னால் நான். எனக்குப் பின்னால் தன் வெள்ளைக் கோட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு குல்-பிரிட். சாலை நடுவில் கைக்குட்டை அவிழ்ந்து பறந்தது. அம்மா அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆல்கோத் ஒரு காலை டிராம் படியில் வைத்துவிட்டார்.

"ஆல்கோத்!"

பதினைந்து வருடத்தில் முதல் தடவை அவள் அந்தப் பெயரைச் சொன்னாள். நிறுத்தத்தில் நின்றவர்கள் எல்லோரும் திரும்பினார்கள். எங்கள் வழக்கப்படி உடனே தங்கள் காலணிகளைப் பார்த்துக்கொண்டார்கள். அவர் காலைக் கீழே வைத்தார்.

அம்மா அவர் முன்னால் போய் நின்றாள். உதடு இரண்டும் உள்ளே மடங்கி, கன்னம் ஒட்டி, மூச்சு வாங்கிக்கொண்டு நின்றவளை நானும் அப்போதுதான் முதல் தடவையாக முழுசாகப் பார்த்தேன். சொற்களெல்லாம் ஈரமாக, விளிம்பில்லாமல் வந்தன. ஆனால் ஒவ்வொன்றும் புரிந்தது.

"இதான் என் மூஞ்சி. என் புருஷனுக்குக்கூடக் காட்டினதில்ல. நல்லாப் பாத்துக்குங்க. பாத்த பிறகும் வர்றதா இருந்தா, நடுக்கோடைக்கு எங்க வீட்டுக்குச் சாப்பிட வாங்க."

ஆல்கோத் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். டிராமில் இருந்தவர்கள் ஜன்னலோடு ஒட்டியிருந்தார்கள். பிறகு அவர் கையை வாய்க்குள் விட்டு, சற்றுமுன் மெருகேற்றி வந்த மேல் பல்செட்டைக் கழற்றினார். கைக்குட்டையில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். கீழ்வரிசையைக் கழற்ற அவரால் முடியாது, அது திருகி நிறுத்தியது. அதனால் கீழே மட்டும் பளபளவென்று பற்கள் தெரிய, மேலே வெறும் ஈறோடு, காதுவரைக்கும் சிரித்தார்.

"ராத்திரியில நான் இப்படித்தான், சிக்னே. நீங்களும் நல்லாப் பாத்துக்குங்க."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. சாதாரணச் சிரிப்பில்லை. இரண்டு கையாலும் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டு குனிந்து குனிந்து சிரித்தாள். அவரும் சிரித்தார். எனக்கும் தொற்றிக்கொண்டது, குல்-பிரிட் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த டிராமை ஓட்டி வந்தவர் ஆல்கோத்தோடு பல வருடம் வேலை பார்த்தவராம். ஜன்னலைத் திறந்து தலையை நீட்டினார்.

"ஆல்கோத், நீ ஏறுறியா இல்ல கல்யாணம் பண்ணிக்கப் போறியா? மூணு நிமிஷம் லேட்டாயிருச்சு எனக்கு."

"நீ போ," என்றார் ஆல்கோத்.

"அந்தம்மா கூப்பிட்டாங்கல்ல, பதில் சொல்லுங்க," என்று காய்கறிப் பையோடு உள்ளே உட்கார்ந்திருந்த பெண்மணி ஒருத்தி யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

அப்போதுதான் அவர் இன்னும் பதில் சொல்லவில்லை என்பது எல்லோருக்கும் உறைத்தது. அவர் தொப்பியைக் கழற்றினார்.

"வர்றேன்," என்றார்.

டிராம் மணியடித்துக்கொண்டு கிளம்பியது. வளைவு திரும்பும்வரை அடித்துக்கொண்டே போனது. அது விதிப்படி தவறு என்று பின்னால் ஆல்கோத் சொன்னார்.

டாக்டர் லிண்ட்ரூத் இளைஞர். நோயாளி ஓடிப்போன செய்தி அவர் காதுக்கு வந்திருந்தது. எப்படி எதிர்கொள்வது என்று அவர் படித்த புத்தகங்களில் இருந்திருக்காது. ஆறு திருகாணிகளையும் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்ததில் ஒன்றுகூட அசையவில்லை என்றும், பதினைந்து வருடத்தில் எலும்பு ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை என்றும் சொன்னார். பதினோராம் எண்ணுக்கும் அப்படியே என்றார். பல்வரிசையைத் திருகி முடித்து, மேல் பல்செட்டை அம்மா கையில் கொடுத்துவிட்டு, கடைசியாக அந்தப் படிவத்தை எடுத்தார். வருடா வருடம் கேட்கிற கேள்விகள். கடிக்க முடிகிறதா, வலி உண்டா, ருசி தெரிகிறதா. ஆறாவது கேள்வி: பற்களை நினைத்து வெட்கப்பட்டு ஆட்களைத் தவிர்ப்பதுண்டா?

பதினான்கு வருடம் அம்மா அதற்கு இல்லை என்று பதில் சொல்லி வந்திருக்கிறாள்.

"இன்னைக்குக் காலையில பத்தரை மணி வரைக்கும் உண்டு," என்றாள்.

டாக்டர் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அப்படி எழுத இதில் கட்டம் இல்லை என்றார். அம்மா, உண்டு என்பதிலேயே குறிக்கச் சொல்லிவிட்டு எழுந்தாள்.

வாசல் படியில் ஆல்கோத் காத்துக்கொண்டிருந்தார். நான் போய்க் காரைக் கொண்டுவந்து நிறுத்தினேன். நடுக்கோடைக்கு இன்னும் ஆறு வாரம் இருக்கிறது என்று அவர் சொல்வது கேட்டது. ஆறு வாரம் ஒன்றும் அதிகமில்லை என்றாள் அம்மா. அதிகமில்லைதான் என்று அவரும் ஒப்புக்கொண்டார். ஸ்மோகனுக்கு ஞாயிற்றுக்கிழமைகளிலும் பஸ் உண்டு, காலை எட்டேகாலுக்கு என்று அம்மா பொதுவாக ஒரு தகவல் சொன்னாள். எந்த ஞாயிற்றுக்கிழமை என்று அவர் கேட்டார். எல்லா ஞாயிற்றுக்கிழமையும்தான் என்றாள். அவர் சட்டைப் பையிலிருந்து பென்சிலை எடுத்து முகவரியைச் சொல்லச் சொன்னார். அம்மா தெருப் பெயரை எழுத்துக்கூட்டிச் சொன்னாள், பிறகு வாசல் நிறம், வேலி நிறம், பக்கத்து வீட்டு நாயின் பெயர்.

நான் இன்ஜினை அணைத்துவிட்டு இருக்கையைப் பின்னால் சாய்த்துக்கொண்டேன்.